பதினோரு மணி வெயிலும் ஐந்தரை மணிப் பனியும்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் நீங்கள் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். "நாலு நல்ல வார்த்தை எழுதுங்க மேடம்" என்று உங்களில் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் கிடையாது. முப்பத்தோரு வருடம் வேளாண்மைத் துறையில் இருந்தேன். ஒரு குறிப்பாணை, அதாவது மெமோ, வாங்கினேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்து முடித்துவிட்டு இந்த அம்மாவுக்குத் திமிர் என்று நினைத்தால் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் பணியில் இருந்தபோதே பலர் நினைத்ததுதான்.

நம் துறையில் ஒரு வழக்கம் உண்டு. இந்நேரம் உங்களுக்கும் அது ஒட்டியிருக்கும். காலையில் அலுவலகம் வந்து கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, தபால் பார்த்து, அதன் பிறகுதான் வயலுக்குக் கிளம்புவோம். சேரன்மகாதேவியைத் தாண்டி வாய்க்காலோரத்து வயல்களுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று ஆகிவிடும். வெயில் சுள்ளென்று அடிக்கும். வரப்பில் நின்றபடியே குனிந்து நாலு இலையைத் திருப்பிப் பார்ப்போம். திரும்பி வந்து பயிர்நோய்ப் பதிவேட்டில் அன்றைய அதிகபட்ச வெப்பநிலையை எழுதுவோம். அலுவலகத் தாழ்வாரத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிற வெப்பமானி என்ன சொல்கிறதோ அதுதான் வட்டாரம் முழுமைக்கும் வெப்பநிலை. பதிவேட்டில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான் அச்சடித்திருந்தார்கள்.

நிலக்கடலையில் வரும் டிக்கா இலைப்புள்ளி நோயைப் பற்றி நீங்கள் கல்லூரியில் படித்திருப்பீர்கள். அடி இலைகளில் கறுப்புப் புள்ளியாகத் தொடங்கி மேலே ஏறும். இலையெல்லாம் கொட்டி வெறும் தண்டு நிற்கும். அந்தப் பூஞ்சைக்கு இருபத்தைந்து டிகிரியை ஒட்டிய இதமான சூடும், மணிக்கணக்கில் ஈரம் காயாத இலையும் வேண்டும். முப்பத்தைந்தைத் தாண்டிய வறண்ட வெயிலில் அது வேலை செய்யாது. இதெல்லாம் எனக்கும் மனப்பாடம். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி அது. அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வயலை மொட்டையாக்கினேன்.

அவரைக் காதர் பாய் என்று சொல்கிறேன். பத்தமடைக்காரர். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பியவர். வாய்க்காலை ஒட்டிய தன் நிலத்தில் விதைக்கடலை போட்டார். எங்கள் துறையின் விதைப்பண்ணையாகப் பதிவு செய்த வயல் அது. விளைச்சல் தேறினால் விதையாக எடுத்துக்கொள்வோம். தேறாவிட்டால் அவர் பாடு. வயல் இரண்டு துண்டாக இருந்தது. கீழ வயல் வாய்க்காலோரம், கிழக்கே வாழைத்தோப்பு. மேல வயல் மேட்டில், திறந்த வெளி.

முதல் வருடம் மாசி மாதம் அவர் கூப்பிட்டார். வழக்கம் போல் பதினோரு மணிக்குப் போனேன். கீழ வயலில் அடி இலைகளில் புள்ளி இருந்தது. இலை மொடமொடவென்று காய்ந்திருந்தது. சுவர் வெப்பமானி அன்றைக்கு முப்பத்தைந்து காட்டியது.

"இந்த வெயிலுக்குப் பூஞ்சை தாங்காது பாய். மருந்து அடிக்க வேண்டாம்."

"மேடம், காலைல வந்து பாருங்க. எல சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கு. எட்டரை ஒம்பது வரைக்கும் காயவே மாட்டேங்கு."

"அது பனி பாய். வெயில் ஏறினா போயிரும்."

"நான் ஏசி மெக்கானிக்கு மேடம். தண்ணி எங்கன கோத்து நிக்குதோ அங்கனதான் எல்லாம் கெட்டுப் போவும்."

நான் சிரித்தேன். ஏசியும் கடலையும் ஒன்றா என்று கேட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரத்தில் கீழ வயல் மொட்டையாகிவிட்டது. காம்பு அழுகி, செடியைப் பிடுங்கினால் செடி மட்டும் கையோடு வந்தது, காய் பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. காதர் பாய் அப்படி ஒரு செடியைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை. "மேடம், இதையும் எழுதிக்கிடுங்க" என்றார்.

எழுதினேன். எப்படி எழுதினேன் என்பதைக் கேளுங்கள். எங்கள் உதவி இயக்குநர் வடக்கு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, முப்பத்தஞ்சு டிகிரின்னு நீங்களே பதிவேட்டுல எழுதியிருக்கீங்க. இப்ப நோய்னு எழுதினா, ஏன் மருந்து அடிக்கச் சொல்லலைன்னு கேள்வி வரும். வெயில்ல இலை கொட்டிருச்சு, தண்ணி சரியா பாய்ச்சலைன்னு எழுதிடுங்க" என்றார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் தவறு, ஒரு பேனாவின் புண்ணியத்தில், காதர் பாயின் சோம்பேறித்தனமாகிவிட்டது. அவர் வயல் விதைக்குத் தகுதியில்லை என்று தள்ளுபடியானது.

நகலை வாங்கிப் படித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் தண்ணி பாய்ச்சலையா மேடம்?" நான் குனிந்து ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சாகுபடிக்கு நானே அவர் வயலுக்குப் போனேன். மழை நீண்டதால் நிலம் காயவில்லை, போன முறையைவிட ஒரு மாதம் தள்ளித்தான் விதைக்க முடிந்தது. வரப்பில் நின்று, அறிக்கையில் எழுதியது பொய் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"விசா வந்து கெடக்கு மேடம். இந்தத் தடவையும் கடல கவுத்துட்டுன்னா, பிடுங்கி முடிச்ச கையோட பிளேன் ஏறிருவேன். போன தடவ போவும்போது என் மவ கைக்குழந்த. திரும்பி வந்தப்போ என்னய யாரோ எவரோன்னு பாத்தா. இப்பதான் வாப்பான்னு பக்கத்துல வந்து உக்காருதா."

அந்த வருடம் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது அந்த ஒரே விஷயம்தான். அவர் ஊரில் இருப்பாரா, மறுபடி கிளம்புவாரா என்பது அந்தக் கடலை இலையில் தொங்கியது. இலையைப் பார்க்க வேண்டியவள் நான்.

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வாரேன் பாய்" என்றேன். அவர் நம்பவில்லை. நான் வந்தபோது அவர் இன்னும் வந்திருக்கவில்லை. என் ஸ்கூட்டர் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடி வந்தார்.

அவரிடம் ஏசி குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் வெப்பமானி ஒன்று இருந்தது. நீளமான ஒயரின் நுனியில் சின்ன முனை. அதைக் கடலைச் செடிக்குள், இலைக்கும் மண்ணுக்கும் நடுவில் செருகி வைத்தோம். தாழ்வாரத்துச் சுவர் அந்த வாரமெல்லாம் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தது. செடிக்குள் விடியற்காலையில் இருபத்திரண்டு. கீழ வயலில் வாழைத்தோப்பு மறைப்பதால் வெயில் ஒன்பது மணிக்குத்தான் இலையைத் தொட்டது. அதுவரைக்கும் இலை ஈரமாகவே இருந்தது, இருபத்தைந்தும் இருபத்தாறுமாகச் சூடு இதமாகவே இருந்தது. மேல வயலில் ஏழேகாலுக்கெல்லாம் காய்ந்துவிட்டது. ஒரே மனிதர், ஒரே விதை, நடுவில் ஒரு வரப்புதான். பூஞ்சைக்கு அது இரண்டு ஊர்.

நாங்கள் வயலுக்குப் போகும் பதினோரு மணிக்குப் பூஞ்சை தன் வேலையை முடித்துவிட்டு ஓய்ந்திருக்கும். இத்தனை வருடம் நான் ஆள் இல்லாத வீட்டைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டில் சிவப்புப் பேனாவால் இரண்டு கட்டங்களை நானே கோடு போட்டுச் சேர்த்தேன். ஒன்றில் விடியற்காலை வெப்பநிலை, மற்றதில் இலை காய்ந்த நேரம். வாரத்தில் மூன்று நாள் நான் போவேன். மற்ற நாட்களில் காதர் பாய் கைப்பேசியில் கூப்பிட்டு இரண்டு எண்ணையும் சொல்வார். கீழ வயலுக்கு மட்டும் ஒரு முறை மருந்து அடிக்கச் சொன்னேன். புள்ளி அடி இலைகளோடு நின்றது.

பங்குனி பிறந்தது. காற்று மாறியது. விடியற்காலையிலேயே செடிக்குள் இருபத்தேழு, இருபத்தெட்டு. பனி அறவே இல்லை. கையால் தடவினால் இலையில் தூசிதான் ஒட்டியது. பகலில் முப்பத்தெட்டு.

அந்த நேரத்தில்தான் உதவி இயக்குநர் கூட்டம் போட்டார். போன வருடம் பல வயல்கள் மொட்டையானதற்கு மேலிடத்தில் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார்கள். கிடங்கில் மருந்தும் இருந்தது. வட்டாரத்தில் உள்ள எல்லாக் கடலை வயலுக்கும் பத்து நாளைக்கு ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை மருந்து அடிக்கச் சொல்ல வேண்டும் என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான் எழுந்தேன்.

"இப்ப வேண்டாம் சார். இலை காஞ்சு கிடக்கு. இந்தச் சூட்டுல நோய் பரவாது. உச்சி வெயில்ல மருந்து அடிச்சா இலைதான் கருகும்."

"போன வருஷமும் நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?"

அறையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

"போன வருஷம் தப்பாச் சொன்னேன் சார். இந்த வருஷம் பார்த்துட்டுச் சொல்லுதேன்."

"அப்ப எழுத்துல குடுங்க."

எழுத்தில் கேட்டால் யாரானாலும் பின்வாங்கிவிடுவார்கள் என்பது நம் அலுவலகங்களின் நம்பிக்கை. நான் எழுதிக் கொடுத்தேன். மருந்து தேவையில்லை என்பதோடு நிறுத்தவில்லை. போன வருடம் அந்த வயலில் இலை கொட்டியது நோயால்தான், வெயிலாலும் இல்லை, தண்ணீர் குறைவாலும் இல்லை, நான் கொடுத்த அறிக்கை பொய்யானது, விவசாயி மீது தவறில்லை என்றும் எழுதினேன். தாள் கிழியும் அளவுக்குப் பேனாவை அழுத்தினேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த கோபம் அது. என் மீதும் சேர்த்துத்தான்.

அன்று மாலையே காதர் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தவர் மறுபடியும் மேடத்துக்குப் போய்விட்டார்.

"போன வருசமும் இதத்தான மேடம் சொன்னீங்க?"

"போன வருசம் பதினோரு மணிக்கு வந்து சொன்னேன் பாய். இந்த வருசம் அஞ்சரைக்கு வந்து சொல்லுதேன்."

அவர் குனிந்து ஓர் இலையைப் பறித்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தார். மொறுமொறுவென்று சத்தம் வந்தது. "சரிக்கா" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஒரு வீராங்கனை. உங்களுக்கும் படிக்கச் சுகமாக இருந்திருக்கும். முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மாஞ்சோலை எஸ்டேட்டுக்கு மேலே மின்னல் வெட்டியது. கோடை மழை, ஒரு மணி நேரம் அடித்து ஊற்றியது. வானம் விடியும்வரை மூடியே கிடந்தது. ஐந்தரைக்குக் கீழ வயலில் வெப்பமானியைச் செருகினால் இருபத்துமூன்று. இலையெல்லாம் தண்ணீர். மேகம் கலையாததால் அன்றைக்கு வெயில் எப்போது வரும் என்றும் தெரியவில்லை. பூஞ்சைக்கு விருந்து வைத்தது போல இருந்தது. அடி இலைகளில் பழைய புள்ளிகள் காத்துக்கொண்டிருந்தன. வெயிலில் பூஞ்சை சாகாது, சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

காதர் பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா செய்ய? அடிக்கவா, வேண்டாமா?"

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மருந்து வேண்டாம் என்று நான் எழுதிய கடிதம் உதவி இயக்குநர் மேசையில் இருக்கிறது, மை காய்ந்து ஒன்றரை நாள்தான் ஆகிறது. இப்போது அடி என்றால் அலுவலகமே கை தட்டிச் சிரிக்கும். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் பாய் என்று வாய் வரை வந்தது. உண்மையாகவே வந்தது. வெயில் வந்தாலும் வந்துவிடும், கடிதமும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். மேலதிகாரியை எதிர்த்து நிற்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. நான் எழுதியதையே எதிர்த்து நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. போன வருடம் நான் காப்பாற்றியதும் ஒரு காகிதத்தைத்தான். அதற்கு விலை கொடுத்தவர் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"அடிங்க பாய். மழை விட்டுருக்கு, இலை காஞ்சதும் இன்னைக்கே அடிச்சிருங்க. ரெண்டு நாள் தள்ளினா மருந்து பிடிக்காது. கீழ வயலுக்கு மட்டும் போதும்."

அவர் சிரித்தார். "ஆபீஸ்ல உங்களப் பிடிச்சுக் கிழிக்கப் போறாவ."

"கிழிக்கட்டும்."

கிழித்தார்கள். பத்து மணிக்கு நான் இரண்டாவது கடிதத்தோடு போய் நின்றேன். வாய்க்காலோரத்து வயல்கள், தோப்பு மறைக்கும் வயல்கள், இவற்றுக்கு மட்டும் உடனே மருந்து தேவை என்று எழுதியிருந்தேன். உதவி இயக்குநர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"முந்தாநாள் வேண்டாம்னு எழுதினீங்க. இன்னைக்கு வேணும்னு எழுதுறீங்க. எதை நம்புறது?"

"வெப்பமானியை நம்புங்க சார். முந்தாநாள் விடியக்காலைல இருபத்தெட்டு. இன்னைக்கு இருபத்துமூணு."

"பதிவேட்டுல கோடு போட உங்களுக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல சார். கட்டம் இல்ல, போட்டுக்கிட்டேன்."

குறிப்பாணை மூன்றே நாளில் வந்தது. முன்னுக்குப் பின் முரணாகப் பரிந்துரை செய்தது, அச்சிட்ட படிவத்தைத் திருத்தியது, தன் அறிக்கையைத் தானே மறுத்துத் துறைக்கு அவப்பெயர் உண்டாக்கியது. விளக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டு வரி எழுதினேன். வெப்பநிலை மாறியது, ஆகவே பரிந்துரை மாறியது. போன வருடம் பரிந்துரையை மாற்றாமல் அறிக்கையில் பொய் எழுதியதற்காக வருந்துகிறேன்.

சித்திரையில் கடலை பிடுங்கினார்கள். நான் போயிருந்தேன். கீழ வயலில் செடிகள் பச்சை இலையோடு வந்தன, காயெல்லாம் கொத்தாகச் செடியோடு வந்தது. மேல வயலில் ஒரு மூலையில் மட்டும் இலை கொட்டிக் கிடந்தது. அங்கே இரண்டு தென்னை நிழல் விழுந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த மூலை என் தவறு, அவரிடமே சொன்னேன். "போட்டும்க்கா, ஒரு மூலதானே" என்றார். வயல் விதைக்குத் தேறியது. வட்டாரத்தில் கூட்டத்தின் உத்தரவைக் கேட்டு உச்சி வெயிலில் மருந்து அடித்தவர்கள் கருகிய இலையை எடுத்துக்கொண்டு அலுவலகம் வந்தார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது. வெயில் அதிகம் என்று சொல்லியிருப்பார்கள்.

காதர் பாய் பிளேன் ஏறவில்லை. விசா காலாவதியாகிவிட்டது. அவர் மகள் இப்போது கல்லூரி போகிறாள்.

குறிப்பாணை என் பணிப் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. அதனால் எனக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனது, அதுவும் உண்மை. ஓய்வு பெறும்போது அலுவலகத்தில் ஒருவர் அக்கறையோடு, "ஒரு மனு குடுத்தா அத எடுத்துரலாம் மேடம்" என்றார். இருக்கட்டும் என்றேன். முப்பத்தோரு வருடத்தில் நான் பெருமையோடு எடுத்துக் காட்டக்கூடிய காகிதம் அது ஒன்றுதான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் கைப்பேசிச் செயலி வட்டாரத்துக்கே ஒரு வெப்பநிலையைச் சொல்கிறது. இலைப்புள்ளி அபாயம் குறைவு என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. போன மாதம் நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தைப் பார்த்தேன். வரப்பில் நான்கு பேர் வரிசையாக நிற்கிறீர்கள், நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிறது. பதினோரு மணி தாண்டியிருக்கும். சுவரில் தொங்கிய வெப்பமானியைக் கழற்றி உங்கள் சட்டைப்பையில் போட்டிருக்கிறார்கள், வேறொன்றும் மாறவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன?

இது மாசி. காதர் பாய் இந்த வருடமும் கடலை போட்டிருக்கிறார். ஓய்வு பெற்ற என்னை இன்றைக்கும் ஐந்தரைக்குக் கைப்பேசியில் கூப்பிட்டார். "அக்கா, இருவத்தி மூணு. கீழ வயல்ல எல சொட்டுது. உங்க ஆபீஸ்ல இன்னும் யாரும் எந்திரிக்கலியா?"

உங்கள் நான்கு பேருடைய எண்ணையும் அவருக்குக் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை ஐந்தரைக்கு உங்கள் கைப்பேசி அடிக்கும். எடுங்கள்.